முக்கொம்பு மேலணை: மணல்மேல் நின்ற 182 ஆண்டுகள்

முக்கொம்பு மேலணை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ஆம் ஆண்டு கட்டப்பட்ட அணைக்கட்டு ஆகும். இது திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல் வயல்களுக்குக் காவிரி நீர் போய்ச் சேர்வதை முதலில் தீர்மானிப்பது இந்த இடம்தான். பொதுமக்கள் பலருக்கும் இது பூங்காவும் ஆடிப்பெருக்குக் கூட்டமும் கொண்ட சுற்றுலாத் தலமாகவே அறிமுகம். 2018 ஆகஸ்ட் 22 அன்று அணையின் ஒரு பகுதி வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. உயரம் குறைந்த பழைய அணைகளின் பாதுகாப்பு குறித்துத் தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்படுவதற்கு அந்த நிகழ்வு காரணமாயிற்று.

இடமும் பெயரும்

கரூர்ப் பக்கமிருந்து வரும் அகண்ட காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. வரும் ஆறு ஒன்றும் பிரியும் ஆறுகள் இரண்டுமாக மூன்று கிளைகள் தெரிவதால் முக்கொம்பு என்ற பெயர் வந்ததாகச் சொல்வர். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உள்ள நீண்ட தீவில் திருவரங்கமும் திருவானைக்காவும் உள்ளன. தீவின் கீழ்முனையில் இரண்டு ஆறுகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. அங்கே காவிரியின் மட்டம் உயர்ந்தும் கொள்ளிடத்தின் மட்டம் தாழ்ந்தும் இருக்கும். காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்து வீணாகாமல் தடுக்கும் அணையே கல்லணை.

ஆகவே, கழனிகளை நோக்கிச் செல்லும் நீர் இரண்டு இடங்களில் கொள்ளிடத்திற்குத் தப்பிவிட முடியும். தீவின் மேல்முனையில் காப்பது மேலணை. கீழ்முனையில் காப்பது கல்லணை. கொள்ளிடத்தில் இன்னும் கிழக்கே அணைக்கரையில் இருப்பது கீழணை.

கல்லணை என்னும் முன்னோடி

மேலணையின் கதையைக் கல்லணையிலிருந்து தொடங்க வேண்டும். கரிகால் சோழன் கட்டியதாக மரபு கூறும் கல்லணை, பாம்புபோல் வளைந்து செல்லும் கற்சுவர். 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் அதன் நீளத்தை 1,080 அடி என்றும், அகலத்தை 40 முதல் 60 அடி என்றும், உயரத்தை 15 முதல் 18 அடி என்றும் குறித்துள்ளனர். ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட, அவை தம் எடையால் அமிழ்ந்து இறுகும். அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் பூசியிருந்தனர். கீழே பாறையைத் தேடிப் போகாமலே, ஆழம் காண முடியாத மணலில் ஓர் அணையை நிறுத்தும் முறை இது. மேலணையைத் திட்டமிட்ட ஆர்தர் காட்டன், தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையை உள்நாட்டுப் பழைய கட்டுமானங்களிடமிருந்தே கற்றதாகப் பின்னாளில் எழுதினார்.

இத்தகைய அணையை ஒருமுறை கட்டிவிட்டு விட்டுவிட முடியாது. வெள்ளம் கற்களைப் பெயர்க்கும். மணல் அடியிலிருந்து நழுவும். ஒவ்வோர் ஆண்டும் கல் போட்டுச் சீர்செய்ய வேண்டும். 1760-களில் இதுவே ஓர் அரசியல் சிக்கலாக மாறியது. கல்லணை இருந்த திருச்சிராப்பள்ளிச் சீமை ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் கையில் இருந்தது. அதன் பயனை அடைந்த தஞ்சாவூரை மராட்டிய மன்னர் துளஜாஜி ஆண்டார். அணையைப் பழுதுபார்க்கத் தஞ்சாவூர் ஆட்களை அனுமதிக்க நவாப் மறுத்தார். சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினியார் தலையிட்ட பிறகே பழுதுபார்க்க வழி பிறந்தது. அணை ஒருவர் கையிலும், அது உடைந்தால் வரும் இழப்பு இன்னொருவர் தலையிலும் இருந்தால் பராமரிப்பு எப்படித் தடைப்படும் என்பதற்குக் காவிரியில் கிடைக்கும் பழைய சான்று இது.

கொள்ளிடத்தின் இழுப்பு

1799-இல் இரண்டாம் சரபோஜியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சாவூரின் ஆட்சி கும்பினியிடம் வந்தது. அதன் வருவாயின் அடிப்படை நெல். நெல்லின் அடிப்படை காவிரி நீர். அந்த நீர் குறைந்துவருவதைப் புதிய ஆட்சியாளர்கள் விரைவில் உணர்ந்தனர்.

காரணம் ஆற்றின் இயல்பிலேயே இருந்தது. கடலுக்குச் செல்லும் வழியில் கொள்ளிடம் நேரானது, சரிவு மிகுந்தது. காவிரியோ பல கிளைகளாகப் பிரிந்து மெதுவாகச் செல்வது. இரண்டு வழிகள் இருக்கும்போது நீர் சரிவான வழியையே நாடும். வேகமாக ஓடும் நீர் தன் படுகையை அரித்து ஆழமாக்கும். மெதுவாக ஓடும் நீர் மணலைப் படியவிட்டுத் தன் படுகையை மேடாக்கும். இப்படிக் கொள்ளிடத்தின் தலைப்பு ஆண்டுதோறும் தாழ, காவிரியின் தலைப்பு மேடேறியது.

மணலை வெட்டி அகற்றுவதும், தழையும் மரக்கிளையும் மணலும் கொண்டு ஆற்றில் தற்காலிகக் கொரம்பு போட்டு நீரைத் திருப்புவதும் பழைய வழக்கங்கள். அடுத்த வெள்ளத்தில் கொரம்பு போய்விடும். 1804-இல் கால்டுவெல் என்ற இராணுவப் பொறியாளர் காவிரியை ஆராய்ந்து, கல்லணையின் மேல்மட்டத்தை 27 அங்குலம் உயர்த்தினார். இதனால் கீழ்முனையில் நீர் தேங்கியதோடு மணலும் தேங்கியது. பின்னர்க் கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்கப்பட்டன. ஆனாலும் மேல்முனையில் கொள்ளிடத்தின் இழுப்பு குறையவில்லை.

1836-இல் எழுந்த அணை

காவிரிப் பணியில் அமர்த்தப்பட்ட ஆர்தர் காட்டன் முன்வைத்த தீர்வு இரண்டு அணைகள். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு தடுப்பு எழுப்பினால் காவிரிக்குரிய நீர் காவிரிக்குப் போகும். மிகை வெள்ளம் மட்டும் தடுப்பின் மேல் வழிந்து கொள்ளிடத்தில் இறங்கும். அதனால் கொள்ளிடப் பாசனம் பாதிக்கப்படாமலிருக்க, கிழக்கே இரண்டாவது அணை கட்டி அங்கே கிடைக்கும் நீரைத் திருப்ப வேண்டும். மேலணை, கீழணை இரண்டும் 1836-இல் எழுந்தன. கீழணையிலிருந்து வடவாறு வழியாகச் செல்லும் நீரே இன்றும் வீராணம் ஏரியை நிரப்புகிறது.

மேலணை சில அடி உயரமே கொண்ட செங்கல், கல் கட்டுமானம். மணலில் இறக்கிய கிணறுகளின் மேல் அது நின்றது. வழிந்து விழும் நீர் அடிமணலைத் தோண்டாதபடி கீழ்ப்புறத்தில் கல் பாவிய தளம் அமைக்கப்பட்டது. நீரைப் பெருமளவில் தேக்கி வைப்பது அதன் வேலையன்று. நீர் மட்டத்தைச் சற்று உயர்த்தி வழி மாற்றுவதே அதன் வேலை.

அணை கட்டிய சில ஆண்டுகளிலேயே எதிர்பாராத விளைவு தெரிந்தது. காவிரிக்கு நீர் வந்தது மட்டுமன்றி, அளவுக்கு மீறியும் வந்தது. இப்போது காவிரியின் தலைப்பு அரித்து ஆழமாகத் தொடங்கியது; கரைகள் உடையும் அச்சம் எழுந்தது. கொள்ளிடத்தின் தலைப்பிலோ மணல் மேடிட்டது. ஆகவே 1840-களின் நடுவில் மேலணையின் ஒரு பகுதி உயரம் குறைக்கப்பட்டது. காவிரியின் தலைப்பிலும் படுகை மட்டம் மேலும் தாழாமலிருக்க ஒரு குறுக்குச்சுவர் போடப்பட்டது. ஆற்றின் ஓரிடத்தில் கை வைத்தால் அதன் விளைவு வேறோரிடத்தில் தோன்றும் என்ற பாடம் பத்தாண்டுக்குள் கிடைத்துவிட்டது.

பின்னாளில் சுவரின்மேல் தூண்களும் இரும்பு ஷட்டர்களும் பொருத்தப்பட்டு, மேலணை தேவைக்கேற்பத் திறந்து மூடும் கதவணையாக மாறியது. கொள்ளிடத்தின் தெற்குக் கிளையில் 45, வடக்குக் கிளையில் 10 என மொத்தம் 55 கண்கள் அமைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இதைக் கடந்து சென்றது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் வெள்ளத்தின் வேகம் பெரிதும் கட்டுப்பட்டது. அதே வேளையில் மேலிருந்து வரும் மணலில் ஒரு பகுதியும் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்கிவிடத் தொடங்கியது.

மணல்மேல் அணை நிற்பது எப்படி

மணலில் நிற்கும் அணைக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று மேலே தெரிவது. மற்றது அடியில் நடப்பது.

மேலே தெரிவது வெள்ளத்தின் அடி. ஷட்டரின் கீழ் பீறிட்டு வரும் நீர், கல் பாவிய தளம் முடியும் இடத்தில் மணலைத் தோண்டும். பள்ளம் விழுந்தால் தளத்தின் ஓரக்கற்கள் அதில் சரியும். பின்னர்ப் பள்ளம் அணையை நோக்கி நகரும்.

அடியில் நடப்பது கசிவு. ஒருபுறம் நீர் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் இருந்தால், நீர் மணலின் ஊடே அணையின் அடியில் புகுந்து மறுபுறம் ஊற்றாக வெளிப்படும். தெளிந்த நீராக வந்தால் பெரும்பாலும் கேடில்லை. மணலையும் சேர்த்துக் கொண்டுவந்தால், அணைக்கு அடியில் சிறு துளை உண்டாகி நாளடைவில் குடையப்படும். மேலே சுவர் உறுதியாகவே தெரியும். ஆனால் அது நிற்க அடியில் மணல் இராது. ஏரிக் கரைகளிலும் மண் அணைகளிலும் உடைப்புக்கு முன் நிகழ்வது பெரும்பாலும் இதுவே. கரையின் வெளிப்புறத்தில் கலங்கல் ஊற்று கண்டால் ஊரைக் கூட்டும் வழக்கம் இந்த அறிவிலிருந்து வந்தது.

கசிவின் வேகம் வெள்ளத்தின்போது உச்சத்தில் இருப்பதில்லை. வெள்ளக் காலத்தில் இருபுறமும் நீர் உயர்ந்திருப்பதால் மட்ட வேறுபாடு குறைவு. வெள்ளம் வடிந்து, ஷட்டர்களை இறக்கி மேற்புறம் நீரைத் தேக்கி, கீழ்ப்புறம் வறண்டிருக்கும்போதுதான் வேறுபாடு மிகுதி. வெள்ளம் தளத்தைச் சேதப்படுத்திவிட்டுப் போன பின் வரும் நாள்களும் ஆபத்தானவை.

இந்தியாவில் இந்த அறிவு பல உடைப்புகளின் வழியாகவே வளர்ந்தது. கங்கையின் குறுக்கே நரோராவில் கட்டிய அணை 1898-இல் அடியரிப்பால் சேதமடைந்தது. மணலில் கட்டும் அணைகளுக்கு எவ்வளவு நீளத் தளமும் எவ்வளவு ஆழமான தடுப்புச் சுவரும் வேண்டும் என்பதை ஏ. என். கோஸ்லாவும் உடன் ஆய்வாளர்களும் 1936-இல் வெளியிட்ட நூலில் கணக்காக வகுத்தனர். அப்போது முக்கொம்பு மேலணைக்கு வயது நூறு.

2018 ஆகஸ்ட்

2018-ஆம் ஆண்டுத் தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் கொட்டியது. ஜூலை 19 அன்று மேட்டூர் அணை பாசனத்திற்காகத் திறக்கப்பட்டது. ஜூலை 23 அன்று நீர்மட்டம் 120 அடி என்ற முழு அளவை எட்டியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அணை நிரம்பியதால் டெல்டா விவசாயிகள் மகிழ்ந்தனர். ஆகஸ்டில் மீண்டும் பெருமழை பெய்து, நொடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் மேட்டூரிலிருந்து வெளியேற்றப்பட்டது. காவிரி தாங்கக்கூடிய அளவு போக எஞ்சிய வெள்ளம் முழுவதும் முக்கொம்பில் கொள்ளிடத்திற்குத் திருப்பப்பட்டது.

முதல் எச்சரிக்கை கீழே வந்தது. திருவரங்கத் தீவையும் கொள்ளிடத்தின் வடகரையையும் இணைத்து 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் அமிழ்ந்து சரிந்தன. போக்குவரத்து முன்பே நிறுத்தப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. சில நாள்கள் கழித்து, வெள்ளத்தின் உச்சம் கடந்து நீர்வரத்து குறைந்துவந்த வேளையில், ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் தெற்குக் கிளையில் ஷட்டர்களும் அவற்றைத் தாங்கிய தூண்களும் அடுத்தடுத்து விழுந்தன. 45 கண்களில் 9 கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. மேலிருந்த பாலத்தின் பகுதியும் உடன் விழுந்தது.

பெரிய நீர்த்தேக்கம் உடைந்தால் கீழே ஊர்கள் மூழ்கும். மேலணை உடைந்ததால் வந்த ஆபத்து வேறு வகையானது. உடைந்த வாய் வழியாக, காவிரிக்குத் திரும்ப வேண்டிய நீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலை நோக்கி ஓடியது. சம்பா பருவம் தொடங்கும் காலம் அது. பல ஆண்டு வறட்சிக்குப் பின் மேட்டூர் நிரம்பியும், கடைமடைக்கு நீர் எட்டாமல் போகுமோ என்ற கவலை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் எழுந்தது. 1836-க்கு முந்தைய நிலை சில நாள்களுக்குத் திரும்பி வந்தது எனலாம்.

மணல் மூட்டைகளும் பாறாங்கற்களும் கொண்டு தற்காலிகத் தடுப்பு அமைக்கும் பணி இரவு பகலாக நடந்தது. பழைய கொரம்பின் வேலையைத்தான் லாரிகளும் எந்திரங்களும் செய்தன. ஆகஸ்ட் 24 அன்று இடத்தைப் பார்வையிட்ட முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி, தெற்குக் கிளையில் 325 கோடி ரூபாயிலும் வடக்குக் கிளையில் 85 கோடி ரூபாயிலும் புதிய கதவணைகள் கட்டப்படும் என அறிவித்தார். பழைய அணைக்கு அருகே, முன்போலவே 45 கண்களும் 10 கண்களும் கொண்ட கதவணைகள் பின்னர் எழுந்தன.

காரணம் பற்றிய விவாதம்

உடைப்புக்கான காரணத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. அணையின் முதுமையும் வெள்ளத்தின் அளவும் அரசுத் தரப்பில் சுட்டப்பட்டன. விவசாயிகள் சங்கங்களும் சூழலியலாளர்களும் கொள்ளிடத்தில் ஆண்டுக்கணக்காக நடந்த மணல் அள்ளுதலையும் பராமரிப்புக் குறைவையும் சுட்டினர்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆற்றுப் படுகை தாழ்ந்தால் அணையின் இருபுற மட்ட வேறுபாடு கூடும். வழியும் நீர் விழும் உயரம் கூடும். கல் தளத்தின் ஓரம் வெளிப்பட்டு அரிப்புக்கு இலக்காகும். கசிவு நீர் மணலைத் தள்ளும் விசையும் கூடும். 1836-இல் இருந்த படுகை மட்டத்திற்காகக் கட்டிய அணையை, படுகை தாழ்ந்த பின் அதே அணையாகக் கருத முடியாது. சுவர் மாறாமல் இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள நிலை மாறிவிடுகிறது. இதனால் வெறும் வயதைக் காரணமாகச் சொல்வது போதாது. மேலணையை விடப் பல நூற்றாண்டு மூத்த கல்லணை இன்றும் பணியில் உள்ளது. ஆனால் அது தொடர்ந்து கல் போட்டும் உயர்த்தியும் மணற்போக்கி வைத்தும் காக்கப்பட்டு வந்த அணை.

பூங்காவும் அணையும்

முக்கொம்பில் பூங்கா, சிறுவர் விளையாட்டிடம், மரநிழல் எல்லாம் உள்ளன. ஆடி பதினெட்டில் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடுகின்றனர். அணை பொழுதுபோக்கு இடமாக மாறும்போது அதன் பொறியியல் பக்கம் கண்ணில் படாமல் போவது உலகில் வேறிடங்களிலும் நிகழ்ந்துள்ளது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணையைச் செல்வந்தர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று வாங்கி உல்லாச ஏரியாக வைத்திருந்தது. அணையின் அடியிலிருந்த வடிகுழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. மன்றம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பி வலை போடப்பட்டது. அதில் குப்பை அடைத்தது. 1889 மே 31 அன்று பெருமழையில் கரை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தனர். அதே நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருகே இருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை, மின் உற்பத்தி நின்ற பின் பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் இருந்தது. அது 1977 நவம்பர் 6 அன்று அதிகாலையில் உடைந்து, கீழேயிருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் உயிரிழந்தனர்.

சட்டமும் சிறிய அணைகளும்

இந்திய நாடாளுமன்றம் 2021 டிசம்பரில் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட அணைகளை ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் இச்சட்டத்தின் ஆய்வு விதிகள் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து நீளம், கொள்ளளவு, வெள்ள அளவு, அடித்தளச் சிக்கல் போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்கேனும் உட்படும் அணைகளுக்கும் உரியவை. உயரம் குறைந்த ஆற்றுத் தடுப்பணைகளும் ஏரிக் கரைகளும் பெரும்பாலும் இந்த வரம்பிற்கு வெளியே நிற்கின்றன. 1836-இல் சில அடிச் சுவராகத் தொடங்கிய மேலணை போன்ற கட்டுமானங்களை நம்பியே பல லட்சம் ஏக்கர் நெல் விளைகிறது. உயரத்தை மட்டும் வைத்து அணையின் முக்கியத்துவத்தை அளக்க முடியாது என்பதை 2018 காட்டியது.

இத்தகைய அணைகளில் கவனிக்க வேண்டியவை சிலவே: கீழ்ப்புறப் படுகையின் மட்டம் ஆண்டுக்கு எவ்வளவு தாழ்கிறது, கல் தளத்தின் ஓரத்தில் பள்ளம் விழுந்துள்ளதா, கசிவு நீர் தெளிந்து வருகிறதா, கலங்கி வருகிறதா, ஷட்டர்கள் தடையின்றி ஏறி இறங்குகின்றனவா. இவற்றுள் பலவற்றைக் கோடையில் கொள்ளிடம் வறண்டு கிடக்கும்போது இறங்கி நடந்தே பார்த்துவிட முடியும். முக்கொம்பின் புதிய கதவணையும் அதே கொள்ளிடத்தின் மணலில்தான் நிற்கிறது. படுகை தாழாமல் காக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அதன் ஆயுளும் அமையும்.